பாம்புச்சடைச்சிக்கு முடி வளர்ந்த கதை

மில்லர்புரம் ஆறுமுகநயினாருக்குத் தோணிகளுக்குப் பேர் எழுதுவதுதான் பிழைப்பு. கடை போர்டும் எழுதுவார். எழுத்து முடிந்த பிறகும் கை நிற்காது. ஓரத்தில் ஒரு மயிலோ மீனோ முளைத்துவிடும். "பேரை மட்டும் எழுதும் வே" என்று தோணிக்காரர்கள் முதலிலேயே சொல்லிவைப்பார்கள்.

எழுபத்தாறாம் வருஷம் புதுத் துறைமுகத்துக் குடோன் சுவர்களுக்கு நம்பர் போடப் போயிருந்தார். ஜப்பான் கப்பல் மாலுமி ஒருவன் அவர் தூரிகை ஓடுவதை ரசித்து நின்றுவிட்டு, தலையணைக் கனத்துக்கு ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனான். உள்ளே வாளேந்திய வீரன் ஒருவன். முடிக்குப் பதிலாகத் தலையில் பாம்புகள் நெளியும் பெண் ஒருத்தி. அவள் பார்த்தால் ஆள் கல்லாகிவிடுவான்.

அச்சகம் வைத்து வாரப் பத்திரிகையும் நடத்திய தேவமணி அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது கிரேக்கத்துப் புராணம்லா வே! தொடரா போடுவோம். வாரம் ஒரு பெரிய படம் நீரு வரையும். கீழே கதையை நான் எழுதுதேன்."

பாம்புச்சடைச்சி என்று பேர் வைத்தது நயினார். அவளுக்கு ஒரு முகம் வேண்டுமே! கண்ணை உருட்டிப் பார்க்கிற முகம் அவர் வீட்டிலேயே இருந்தது. மனைவி சண்முகவடிவு அதைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆயின.

"நான்தான இது?"

"சாயல்தாம்ளா."

"இருக்கட்டும். இவளை என்ன செய்யப் போறிய?"

"வீரன் வந்து தலையை வெட்டிருவான். புராணம் அப்படி."

"பிறக்கும்போதே பாம்போடயா பிறந்தா? எப்படி அப்படி ஆனான்னு சொல்லாம வெட்டினா என்ன நியாயம்?"

உப்பு விளையும் தூத்துக்குடியில் இருந்துகொண்டு, அன்று அவள் வைத்த குழம்பில் உப்பில்லை.

நயினார் தேவமணியிடம் கெஞ்சி, தலைவெட்டை ஒரு வாரம் தள்ளிவைத்து, பாம்புச்சடைச்சியின் முன்கதையைத் தாமே வரைந்தார். நீளமாக ஒரே வரிசையில் கட்டங்கள், வசனமே கிடையாது. கடற்கரையில் நீளக் கூந்தலைக் கோதிச் சிரிக்கிறாள் ஒருத்தி. தண்ணீரில் தன் அழகைப் பார்த்துப் பெருமைப்படுகிறாள். பொறாமை கொண்ட தேவதை கை நீட்டுகிறாள். பாதி முடி பாம்பாகிறது. கடைசியில் தலையெல்லாம் பாம்பாக, பாறையில் உட்கார்ந்து அழுகிறாள்.

பத்திரிகை வந்த அன்று பக்கத்து வீட்டு ஜெயபாய் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி, வயித்துல பாலை வாத்திய! அவ சாபம் தீந்துட்டே!"

"தீந்துட்டா? எங்கன?"

நயினார் வாங்கிப் பார்த்தார். ஜப்பான் புத்தகத்தில் கட்டங்கள் வலப்பக்கமிருந்து இடப்பக்கமாக ஓடும். மாதக்கணக்கில் அதிலேயே கிடந்தவர், தம் கட்டங்களையும் அப்படியே வரைந்திருந்தார். ஊரோ இடப்பக்கமிருந்து பார்த்தது. அழுகிறவளின் பாம்புகளில் பாதி முடியாக, தேவதை கை நீட்டி மீதியையும் மாற்ற, அவள் தண்ணீரில் முகம் பார்த்துக் கடற்கரையில் சிரித்தாள்.

பதறிப்போய் அச்சகத்துக்கு ஓடினார். "அண்ணாச்சி, தப்பு நடந்துபோச்சு. அடுத்த வாரம் திருத்தம் போட்டுருவோம்."

"திருத்தமா? காலையிலேருந்து ஆளாளுக்கு வந்து கையைப் பிடிச்சுக் குலுக்குதான். இனி அவ தலையை வெட்டினா என் தலை இருக்குமா வே?"

கடல் தாண்டி வந்த வீரனை என்ன செய்வது என்று இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சண்முகவடிவுதான் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த இடத்தில் சொன்னாள்: "அவ்வளவு தூரம் வந்தவன், பதநீர் குடிச்சிட்டுப் போகட்டும்."

அடுத்த வாரம் வீரன் வாளைப் பனைமரத்தில் சாய்த்துவைத்துவிட்டு, பனையோலைப் பட்டையில் பதநீர் குடித்தான். தொடர் அத்தோடு முற்றும்.

மாதம் ஒன்று போயிருக்கும். உடன்குடியிலிருந்து எண்ணெய்க் கடை ராஜதுரை நயினாரைத் தேடி வந்தார். கூந்தல் தைலத்துக்குப் பெரிய போர்டு வேண்டுமாம். அதில் தொடரில் வந்த அந்தப் பெண்தான் சிரிக்க வேண்டுமாம்.

"வரையுதேன். ஓரத்துல ஒரு சின்னப் பாம்பு போட்டுக்கட்டுமா?"

"பாம்பு போட்டா எவன்யா தைலம் வாங்குவான்?" என்றார் ராஜதுரை.

நயினார் மனசில்லாமல் தலையாட்டினார். போர்டு மாட்டிய அன்று சண்முகவடிவு பஸ் பிடித்து உடன்குடிக்கே போய், வெயிலில் நின்று, அதை ஆசைதீரப் பார்த்துவிட்டு வந்தாள்.