பக்கத்து வீட்டுப் பசு

மூன்று வருடமாக மழை இல்லை. தளிப் பக்கம் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போனார்கள். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரரும் பெண்டாட்டியோடு போனார். அவர்கள் பசுவை நான் வாங்கிக்கொண்டேன். என் மகள் அப்போது ஏழு மாதக் குழந்தை. தாய்க்குப் பால் வற்றிவிட்டது. அந்தப் பசுவை விட்டால் வேறு வழி கிடையாது.

பசு பாலை அடக்கிக்கொண்டது. கன்றை விட்டும் இறங்கவில்லை. கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பூட்டிய வீட்டு வாசலில் நின்று கத்தியது. அதைக் கறந்து பழகியவள் அந்த வீட்டுக்காரி. அவள் விட்டுப்போன பழம்புடவை ஒன்று வேலியில் கிடந்தது. என் பெண்டாட்டி அதைச் சுற்றிக்கொண்டு அந்த வாசலிலேயே உட்கார்ந்தாள். அவள் மாதிரியே தெலுங்கில், "ரா தல்லி, ரா", வா தாயே வா என்று கூப்பிட்டாள். பால் இறங்கியது.

தெருப் பெண்கள் சும்மா விடவில்லை. "ஏண்டி, ஊரே கஞ்சிக்கு அலையுது. உனக்கு மட்டும் மாத்துப் புடவையா?"

"மாடு எடுத்துக் குடுத்த புடவைடி. உன் புருசன் எடுத்துக் குடுத்தானா?" என்றாள் இவள்.

அந்தியில் அவளை அப்படிப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

ஆடியில் ஊர் திரும்பிய ஒருவன் சொன்னான். பக்கத்து வீட்டு அம்மா குடகில் காய்ச்சலில் செத்துப்போய்விட்டாளாம். அன்றே என் பெண்டாட்டி புடவையைக் கழற்றி மாட்டுக் கொட்டாயில் போட்டாள்.

"செத்தவ புடவைய நான் கட்ட மாட்டேங்க. கூப்பிடறப்ப என் கொரலே அவ கொரலாட்டம் கேக்குது."

புடவை இல்லாமல் உட்கார்ந்தால் பசு உதைத்தது. இரண்டு நாள் குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தோம். கக்கிவிட்டது. மூன்றாம் நாள் நான் எடுத்துச் சுற்றிக்கொண்டேன். தலைக்கும் முக்காடு போட்டேன். கூப்பிட்டேன். கறந்தது.

"கூத்துல பொம்பள வேசம் கட்ட ஆள் கெடச்சாச்சு," என்று பங்காளி ஒருவன் சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம் அந்தப் பூட்டிய வீட்டு வாசலில் கறந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல், தெலுங்கில், "வந்துட்டியா?" என்று கேட்டது.

என் கை நின்றுவிட்டது. திரும்பினேன். பக்கத்து வீட்டுக்காரர். தோளில் மூட்டை. என் மீசையைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எழுந்து புடவையை அவிழ்க்கப் போனேன்.

"நிறுத்தாத தம்பி," என்றார். "கற. கொழந்த இருக்குதில்ல."

கறந்தேன். குழந்தை குடித்து முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். களி வைத்தோம், தொடவில்லை. தன் வீட்டுப் பூட்டையும் திறக்கவில்லை. விடியும் முன்பே கிளம்பிப் போய்விட்டார். எதற்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாளும் கறந்தேன். முடிகிற வரைக்கும் பின்னால் திரும்பவில்லை.