டெலிபோன் இல்லாத பெண்களின் நம்பர்கள்

எண்பத்தேழில் என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது, வீட்டில் எல்லோருக்கும் புடவை, சட்டைத்துணி என்று கொடுத்துவிட்டுக் கடைசியில் என் கையில் ஒரு கறுப்புப் பொருளை வைத்தான். சோப்பு டப்பாவைவிட மெலிசு. திறந்தால் ஒரு பக்கம் சாம்பல் நிறக் கண்ணாடி, இன்னொரு பக்கம் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து போட்ட பொத்தான்கள்.

"டிஜிட்டல் டைரி. கடை வச்சிருக்கிற இல்ல, உனக்குத்தான் தேவைப்படும்" என்றான்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "புடவை எங்கண்ணா?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இந்த மிஷினை எப்படியாவது உபயோகப்படுத்தியே தீர்வது என்று முடிவு செய்தேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி.

அப்போது செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருந்தேன். ஒரு தையல் மிஷின், ஒரு வெட்டு மேஜை, ஒரு பீரோ, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் ராஜகிரி மலை தெரியும். பார்க்கத்தான் எனக்கு நேரம் இருக்காது.

டைரியில் டெலிபோன் என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் முதலில் பேர் கேட்கும், அப்புறம் நம்பர் கேட்கும். எங்கள் ஊரில் யார் வீட்டில் டெலிபோன் இருந்தது? ரைஸ் மில்லில் ஒன்று, டாக்டர் வீட்டில் ஒன்று. அவர்களோடு நான் என்ன பேசுவது? ஒரு வாரம் அதைச் சும்மா திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அப்புறம் ஒரு மத்தியானம் பளிச்சென்று பட்டது. பேர் கேட்கிறது, நம்பர் கேட்கிறது. என்னிடம் பேரும் இருக்கிறது, நம்பரும் இருக்கிறதே! உயரம் பதினாலு, மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது, கை சுற்று பத்தரை. வரிசையாகத் தட்டி நடுநடுவில் ஒரு கோடு போட்டால் முடிந்தது. மூன்று மாதத்தில் செஞ்சியிலும் சுற்று வட்டாரத்திலும் டெலிபோனே இல்லாத இருநூறு பெண்கள் என் டெலிபோன் புத்தகத்தில் ஏறிவிட்டார்கள்.

முதல் நாலைந்து பேரை ஏற்றியபோதே அதைப் பார்த்துவிட்ட அண்ணன், "இந்த நம்பருக்கு போன் போட்டா எந்த நாட்டுல எடுப்பாங்க?" என்று கேட்டான். ஆனால் சிங்கப்பூருக்குத் திரும்பும் முன் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். "உள்ள ரெண்டு பேட்டரி இருக்குது. மாத்தறப்ப ஒண்ணக் கழட்டி ஒண்ணப் போடு. ரெண்டையும் ஒண்ணா கழட்டிடாத." எனக்கா தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

அந்த மிஷின் என்னைப் படுத்திய பாட்டைவிட, அதை வைத்துக்கொண்டு நான் ஊரைப் படுத்திய பாடு பெரிது. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற அமாவாசைக் கூட்டம் பஸ் ஸ்டாண்டை அடைத்துக்கொள்ளும். என் சந்துக்குள் ஒருத்தி நுழைய முடியாது. அன்றைக்கு யாருக்கும் டெலிவரி சொல்லக் கூடாது. சிங்கப்பூர் மிஷினுக்கு அமாவாசை தெரியுமா? காலண்டரைப் பார்த்துப் பன்னிரண்டு அமாவாசையையும் ஏற்றி, முதல் நாள் காலையில் கூவும்படி செய்தேன். அது கீக்கீ என்று கத்தும்போது பெஞ்சில் இருப்பவர்கள் காலைத் தூக்கிக்கொள்வார்கள். "இன்னாம்மா இது, எலியா?" என்று ஒருத்தி எழுந்தே ஓடியிருக்கிறாள். சீக்ரெட் என்றும் ஒரு பொத்தான் உண்டு. அதில் ஒரு டீச்சரின் இடுப்பளவை மட்டும் பூட்டி வைத்திருந்தேன். அவரே கேட்டுக்கொண்டதுதான்.

எல்லாவற்றையும்விட நான் பெருமைப்பட்டது அளவு ஜாக்கெட்டை ஒழித்ததில். எங்கள் பக்கம் யாரும் உடம்பை அளக்கக் கொடுக்க மாட்டார்கள். சரியாக இருக்கிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து, "இதேமாதிரி தெச்சிடு" என்று போட்டுவிட்டுப் போவார்கள். பீரோ முழுக்க அதுதான். சாயம் போனது, அக்குள் கிழிந்தது, வியர்வை வாடை அடிப்பது. ஒருத்தியுடையது இன்னொருத்திக்குப் போய்ச் சண்டை வேறு. மிஷின் வந்த பிறகு எல்லோரையும் திரைக்குப் பின்னால் நிற்கவைத்து டேப்பால் அளந்தேன். பழைய ஜாக்கெட்டுகளை மூட்டை கட்டித் திருப்பிக் கொடுத்தேன். "இனிமே இந்தக் கந்தலத் தூக்கிக்கினு வராதீங்க. எல்லாம் இதுக்குள்ள இருக்குது" என்று மிஷினைத் தட்டிக் காட்டுவேன்.

சிங்கவரத்திலிருந்து ஒரு அக்கா வருவார். நிலத்துக்காரர் வீட்டம்மா என்று சொல்ல முடியாது. சொந்த நிலம் கையகலம், மீதி நாள் மற்றவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கப் போவார். மிஷின் வந்த பிறகு முதல் தடவை வந்தபோது தன் ஒரே மகளையும் கூட்டிவந்திருந்தார். மகளுக்கு அப்போது பதினாறு பதினேழு வயது இருக்கும். அக்கா மஞ்சள் பையிலிருந்து அளவு ஜாக்கெட்டை எடுத்தார். இடது கை ஓரம் தையல் விட்டு, வெள்ளை நூலால் கையாலேயே ஒட்டுப்போட்டிருந்தது.

"இதான் எனக்கு சரியா இருக்கும். இடது கைய மட்டும் கொஞ்சம் வுட்டுத் தெச்சிடும்மா. எனக்கு எல்லாம் இடது கைதான், கடலை புடுங்குறது கூட. அந்தக் கை தடிச்சுப் போச்சு" என்றார்.

அளந்து பார்த்தேன். வலது கையைவிட இடது கை அரை இஞ்ச் அதிகம். அதையும் தனியாகத் தட்டி ஏற்றினேன். மகள் என் தோளுக்கு மேலே எட்டி, கண்ணாடியில் எண்கள் வரிசையாக விழுவதைப் பார்த்தாள். "அம்மா, நீ மிஷினுக்குள்ள போயிட்டம்மா" என்று சிரித்தாள். நான் ஜாக்கெட்டைச் சுருட்டி அக்காவின் பையில் திருப்பித் திணித்தேன்.

"இருக்கட்டுமேம்மா, ஒரு மாதிரிக்கு இங்கியே கெடக்கட்டும்" என்றார் அக்கா.

"எதுக்குக்கா? நீங்க நூறு வருஷம் கழிச்சு வந்தாலும் உங்க அளவு இங்க இருக்கும்" என்றேன். என் வாய் அப்படி.

அடுத்த வருஷம் ஆடி மாதம் அந்த அக்கா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். பஸ்ஸில் வந்த யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாற்பது வயதுகூட இருக்காது. அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மறுநாள் ஆவணிக் கல்யாணத் துணிகள் வந்து குவிய ஆரம்பித்தன. மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள் மிஷினில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. எங்கள் வீட்டில் டார்ச் லைட், ரேடியோ எது மங்கினாலும் ஒரே வைத்தியம்தான். பேட்டரியைக் கழட்டி வெயிலில் காயவைப்போம். காய்ந்தால் இன்னும் பத்து நாள் ஓடும். ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். நானும் ஊசியால் மூடியை நெம்பி, காசு மாதிரி இருந்த இரண்டு பேட்டரியையும் எடுத்து, மொட்டை மாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்த முறத்தின் ஓரத்தில் வைத்தேன். காக்கா தூக்கிவிடக் கூடாதே என்று பக்கத்தில் காவல்கூட இருந்தேன். அண்ணன் சொன்னது ஞாபகமே வரவில்லை. சாயந்திரம் சூடாக எடுத்துவந்து மாட்டினேன். எழுத்து பளபளவென்று வந்தது. ஆஹா என்று டெலிபோன் பொத்தானை அமுக்கினேன்.

ஒருத்தியும் இல்லை. மறுபடி அமுக்கினேன். அமாவாசை இல்லை, டீச்சர் இடுப்பு இல்லை. அடிப்பாவி, உன் கையாலேயே கொள்ளி வைத்துவிட்டாயே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

வெளியே சொல்ல முடியுமா? மிஷினைத் தட்டித் தட்டிக் காட்டியவள் ஆயிற்றே. வருகிற ஒவ்வொருத்தியையும் மேலும் கீழும் பார்த்து, "இன்னாக்கா, இப்டி எளச்சிட்டீங்க? பழைய அளவு தொளதொளன்னு இருக்கும், வாங்க ஒரு தடவ அளந்துடலாம்" என்று ஆரம்பித்தேன். ஒருத்திகூட மறுக்கவில்லை. எண்பது கிலோ இருப்பவர்கள்கூட, "ஆமாம்மா, ஒரே அலைச்சல்" என்று சந்தோஷமாகத் திரைக்குப் பின்னால் போனார்கள். தை பிறப்பதற்குள் பாதி ஊரை மறுபடி ஏற்றிவிட்டேன். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

தை மாதத்தில் சிங்கவரத்து மகள் வந்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்த ஜாக்கெட்டுக்கு அளவெடுத்து மிஷினில் ஏற்றினேன். போகிறவள் நின்று, பையிலிருந்து இன்னொரு துணியை எடுத்தாள். அரக்கு நிறம், நல்ல துணி.

"இது அம்மாவுக்குக்கா. கல்யாணத்துக்கு முன்னாடி பூவாடைக்காரி படையல் போடறோம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கல்யாணம் என்றால், அந்த வீட்டில் பூவும் பொட்டுமாக இறந்துபோன பெண்ணுக்குப் புதுப்புடவையும் ரவிக்கைத் துணியும் வைத்துப் படைத்துக் கூப்பிடுவார்கள். அப்புறம் அந்தப் புடவையை வீட்டுப் பெண் உடுத்திக்கொள்வாள். "ரவிக்கைத் துணியா அப்டியே வச்சிடலாமே, எல்லாரும் அப்டித்தான் வைக்கிறாங்க" என்றேன்.

"தெக்காத துணிய வச்சா அம்மா எப்டிக்கா போட்டுக்கும்?"

துணியைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள். "அம்மா துணி எல்லாத்தையும் நைனா கருமாதி அன்னிக்கே ஏரியில போட்டுட்டாரு. அளவு ஜாக்கெட்டும் அதோட போச்சு. எனக்கு ஒண்ணும் பயம் இல்ல, டெய்லர் அக்கா மிஷின்ல அம்மா இருக்குதுன்னு அவருகிட்ட சொன்னேன்." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள். "அம்மா நம்பர ஒரு தடவ காட்டுறீங்களாக்கா?"

பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டாலும் அந்த முகத்தைப் பார்த்து நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. மிஷினை எடுத்துக்கொண்டு வெளிச்சம் தேடுவதுபோல் திரும்பி நின்றேன். ஐந்து நிமிஷத்துக்கு முன் ஏற்றிய அவளுடைய அளவையே, அவள் அம்மா பேர் போட்டு மறுபடி தட்டினேன். நீட்டினேன்.

அவள் ஒவ்வோர் எண்ணின் மேலும் விரலை வைத்து நகர்த்தினாள். கண்ணாடியில் ஈரம் பட்டது. "அழிஞ்சுடப் போவுது" என்று தன் தாவணியாலேயே துடைத்துக் கொடுத்தாள்.

துணியை வெட்ட உட்கார்ந்தபோது கத்தரி ஓடவில்லை. அந்த அக்காவின் உயரம் என்ன, மார்பு என்ன, கண்ணை மூடிப் பார்த்தாலும் ஒன்றும் வரவில்லை. எத்தனை ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருக்கிறேன்! என் தலையில் இருந்ததையும் அந்த மிஷினிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன். வெள்ளை நூல் ஒட்டு மட்டும் ஞாபகம் வந்தது. இடது கை, அரை இஞ்ச் அதிகம். மகள் அளவில் வெட்டி, இடது கையை மட்டும் அரை இஞ்ச் விட்டுத் தைத்தேன்.

கல்யாணம் முடிந்து மறுவீடு வந்தவள் கடைக்கும் வந்தாள். படைத்த புடவையையும் அந்த அரக்கு ஜாக்கெட்டையும் உடுத்தியிருந்தாள். முதுகில் ஒரு சுருக்கம் இல்லை, கழுத்து அச்சாக உட்கார்ந்திருந்தது. இடது கை மட்டும் தொளதொளத்தது. தொழில் புத்தி, வாய் முந்திக்கொண்டது.

"கழட்டிக் குடு. அஞ்சு நிமிஷத்துல கைய பிடிச்சுத் தரேன்."

அவள் சட்டென்று வலது கையால் அந்தக் கை ஓரத்தைப் பொத்திக்கொண்டாள். "வேணாங்க்கா, அது அம்மா கை. மத்ததெல்லாம் எனக்கு எப்டி இருக்குது பாருங்க! நீ அப்டியே உங்கம்மா உடம்புன்னு நைனா ஒரே அழுகை."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "ஆமா, அப்டியே உங்கம்மாதான்" என்றேன்.

அவள் சிங்கவரம் பஸ் ஏறும்வரை கடை வாசலில் நின்று பார்த்தேன். கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். யாரும் இடித்துவிடாதபடி, அந்தத் தொளதொளத்த கையைத் தன் உடம்போடு அணைத்து வைத்திருந்தாள்.