டொக்டர் முன்னால் அடங்கிய இருமல்

மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கும் என் கணவரின் இருமல், மெட்ரோ முழுக்க நிற்காது. டொக்டரின் அறைக்குள் கால் வைத்ததும் நின்றுவிடும். இவர் மடியில் கை வைத்து நல்ல பிள்ளையாக இருப்பார். ஒரு குறையும் இல்லை என்பார். ஆஸ்துமா என்று, வாயில் வைத்து இழுக்கும் பம்ப் எழுதித் தருவார்கள்.

இதே கூத்து மூன்றாம் முறையும் நடந்தபோது நடைவழியில் வைத்தே கத்தினேன்.

“உள்ளுக்கை ஏனப்பா இருமேல்லை?”

“அங்கை இருமினா வேலையாலை நிப்பாட்டிப்போடுவாங்கள். பழகிப்போச்சுது. நீர் கத்தாதையும்.”

அங்கே என்றால் அமெரிக்காவில், அப்பலாச்சிய மலைகளுக்குள் ஒரு சின்ன நிலக்கரிக் குடியிருப்பு. கலியாணத்துக்கு முன் இவர் அந்தச் சுரங்கத்தில் மின்வேலை செய்தார். நகரசபை இல்லை, மேயர் இல்லை. கொம்பனி வைத்ததே சட்டம். கொம்பனி டொக்டர் முன்னால் இருமலை அடக்க ஆளுக்காள் சொல்லிக்கொடுப்பார்களாம்: சுடுதண்ணீர் குடி, இனிப்பை நாக்கின் கீழ் வை, மூச்சை மெல்ல விடு. இப்போது சுரங்கமும் இல்லை, கொம்பனியும் இல்லை. நான் யாரைப் பிடித்து ஏசுவது?

அடுத்த முறை இவரை லிஃப்டில் ஏறவிடவில்லை. கையைப் பிடித்துப் படிகளால் இழுத்துக்கொண்டு போனேன்.

“உமக்கென்ன விசரோ?” என்றார் பாதியில்.

“ஓம், விசர்தான். ஏறுங்கோ.”

டொக்டரின் மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார், இருமினார். நிலக்கரிச் சுரங்கம் என்று நான்தான் சொன்னேன். டொக்டர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். புகைப்பீர்களா என்று எத்தனையோ தடவை கேட்டவர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்று ஒருதரமும் கேட்கவில்லை. நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்கான் எடுத்தார்கள். நியூமோகோனியோசிஸ் (தூசி படிந்து நுரையீரல் தழும்பேறும் நோய்). மாற்ற மருந்தில்லை. மூச்சுப் பயிற்சி உண்டு, ஒட்சிசன் உண்டு. உங்கள் வீட்டிலும் இப்படியொருவர் இருந்தால், அவரைப் பேச விட்டுவிட்டுப் பக்கத்தில் சும்மா இருக்காதீர்கள். நீங்கள் சொல்லுங்கள்.

எப்போதிருந்து மூச்சு வாங்குகிறது என்று டொக்டர் கேட்டார். இவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“மொன்றியலுக்கு வரேக்கையே இருந்தது.”

அதற்குப் பிறகு நடந்த எங்கள் கலியாணத்தில் அக்கினியைச் சுற்றி வந்தபோது இவர் நின்று நின்று வேட்டியைச் சரிசெய்தார். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். இவர் முழுதாக மூச்சு விட்டதை நான் ஒருநாளும் கண்டதில்லை. அந்த முழு மூச்சைச் சுரங்கம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் எனக்குக் கட்டிவைத்திருக்கிறது.