நானூற்றுப் பதினேழாவது புள்ளி

லா செரேனா வானாய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் பட்டியல் போடுவதுதான் நோல்வியா பராசாவின் வேலை. வானத்தில் எக்ஸ்-ரே வரும் இடங்களைச் செயற்கைக்கோள் புள்ளிகளாகக் குறித்து அனுப்பும். அந்த இடங்களைத் தொலைநோக்கிப் படங்களில் தேடிப் பார்க்க வேண்டும். அங்கே இருப்பது நம் பக்கத்து நட்சத்திரமா, நடுவில் கருந்துளை வாயுவை விழுங்கித் தகித்துக்கொண்டிருக்கும் தொலைதூர விண்மீன் மண்டலமா என்று எழுத வேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். கருத்து வேறுபட்டால் மூத்தவர் சொன்னதே முடிவு. அங்கே மூத்தவள் நோல்வியா. இன்னொருத்தி, ஒவாயே ஊரிலிருந்து வந்த எதிலியா தாப்பியா.

பத்தொன்பது வருடத்தில் ஒரு பட்டியலைக்கூட நோல்வியா தாமதமாக அனுப்பியதில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு.

நானூற்றுப் பதினேழாவது புள்ளியில்தான் வினை வந்தது. அந்த இடத்தில் பளிச்சென்று ஒரு நட்சத்திரம் இருந்தது. எதிலியா அதன் ஓரத்தில் இருந்த மங்கலான சிவப்புப் பொட்டைக் காட்டினாள்.

"எக்ஸ்-ரே இதுலேர்ந்துதான் வருது, நோல்வியா. இது ரொம்பத் தூரத்துல இருக்கு. தொலைநோக்கில ஒரு தடவை நேரம் கேட்டுப் பார்த்துடலாமே."

"வெள்ளிக்கிழமை பட்டியல் போயாகணும். நேரம் கிடைக்க மூணு மாசம் ஆகும்."

"ஆகட்டுமே!"

சாயங்காலத் தேநீருக்கு எல்லோரும் கூடி ரொட்டியில் வெண்ணெய்ப்பழம் தடவிக்கொண்டிருந்தபோது பேச்சு மறுபடி வந்தது. நோல்வியா சத்தமாகச் சிரித்தாள். "இவ கண்ணாடியத் துடைச்சாலே பாதி கேலக்ஸி காணாமப் போயிடும்!"

மேசையே அதிர்ந்தது. எதிலியாவும் சிரித்தாள். 'நட்சத்திரம்' என்று எழுதிப் பட்டியல் குறித்த நாளில் போனது. ஆனால் கேலி நிற்கவில்லை. போகிறவன் வருகிறவனெல்லாம் அவளிடம் கண்ணாடி துடைக்கத் துணி நீட்டினான். ஆண்டு முடிவதற்குள் எதிலியா வேலையை விட்டுவிட்டு ஒவாயே பள்ளியில் கணக்கு டீச்சராகப் போனாள்.

பதினொரு வருடம் கழித்து, இன்னும் கூர்மையான ஒரு செயற்கைக்கோள் அதே இடத்தைப் பார்த்தது. எக்ஸ்-ரே அந்தச் சிவப்புப் பொட்டிலிருந்துதான் வந்தது. அதன் ஒளி புறப்பட்டுப் ஆயிரத்து இருநூறு கோடி வருடம் ஆகியிருந்தது. பழைய பட்டியலில் தவறாகப் பதிவாகியிருந்தது என்று, அதைப் பற்றி வந்த ஆய்வுக் கட்டுரையில் ஒரே வரி. நோல்வியா கட்டுரையைப் பிரதி எடுத்துப் பையில் வைத்தாள்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறி ஒவாயே போனாள். எதிலியா வாசலிலேயே நின்று கட்டுரையைப் படித்தாள்.

"நான் சொன்னது சரியா இருந்திருக்கு," என்றாள் மெல்ல.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடு."

"கிண்டல எப்பவோ மறந்துட்டேன். என் பார்வைதான் கோளாறுன்னு நம்பிட்டேனே, நோல்வியா. அதுக்கப்புறம் ஒரு படத்தக்கூட நான் எடுத்துப் பாக்கல."

கூடத்துக்குத் திரும்பி வருவாயா என்று நோல்வியா கேட்டாள். எதிலியா மறுத்துத் தலையசைத்தாள். "ஐம்பத்திரண்டு வயசு ஆச்சு. பிள்ளைங்க என் பாடத்துல ஒழுங்கா பாஸ் பண்றாங்க. போதும்."

ஊர் திரும்பியதும் நோல்வியா பழைய தாள்களை எடுத்தாள். இருவருக்கும் கருத்து வேறுபட்டிருந்த முப்பத்தெட்டுப் புள்ளிகளையும் மறுபடி சோதிக்க ஏழு மாதம் ஆனது. ஒன்பதில் எதிலியா சொன்னதே சரி. திருத்தப் பட்டியலில் அந்த ஒன்பதுக்கும் எதிரே அவள் பெயரைப் போடவைத்து, ஒரு பிரதியை ஒவாயேவுக்கு அனுப்பினாள்.

பதில் வரவில்லை. கிடைத்ததா என்று கேட்டு எழுத நோல்வியாவுக்கு மனம் துணியவில்லை.