ஒரு சுற்று அதிகம்

வெண்டல் பிரூட்டுக்கு மலை ஆட்டுக்கிடா வேட்டைக்கான சீட்டு விழுந்தபோது அவனுக்கு அறுபத்து மூன்று வயது. இருபத்தாறு வருடம் விடாமல் விண்ணப்பம் போட்டவன். எங்கள் வயோமிங்கில் அந்தச் சீட்டு குதிரைக்கொம்பு. குலுக்கலில் பெயர் வந்தால் ஒரு பருவம், ஒரு கிடா, அத்தோடு சரி. ஆயுளுக்கும் இன்னொன்று கிடையாது. சீட்டு வராமலே செத்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய. முழங்கால் போன பிறகு வந்து, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மலையை வெறித்தவர்களும் உண்டு. வெண்டல் வருடா வருடம் வந்த 'இல்லை' கடிதங்களையெல்லாம் கராஜ் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தான். அதில் அவனுக்கு ஒரு வீம்பு.

'உண்டு' என்ற கடிதம் வந்த அன்றைக்கு, மனைவி ரோனாவிடம் சொல்வதற்கு முன்பே என் கடைக்கு வந்துவிட்டான். துப்பாக்கி, தூண்டில், பூட்ஸ் விற்கிற கடை என்னுடையது. ரோனா என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவளுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது என்பதற்கே ஒரு மாதம் என்னைக் குத்திக்காட்டினாள். வெண்டல் கடிதத்தை என் மேசைமேல் வைத்து நீவிவிட்டு, பழைய துப்பாக்கியே போதும், மேலே மாட்டிக் குறிபார்க்கிற ஸ்கோப் மட்டும் புதிதாக வேண்டும் என்றான். நானூறு, ஐந்நூறு கஜத்தில் நிற்கிற கிடாவுக்குப் பழைய ஸ்கோப் உதவாது. நம்பகமாகவும் இருக்க வேண்டும், விலை கைக்கு எட்டுவதாகவும் இருக்க வேண்டும் என்றான். இந்த இரண்டையும் ஒன்றாகக் கேட்காத ஆளை முப்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை.

ஸ்கோப் வாங்க வருகிறவர்கள்மேல் எனக்குப் பொல்லாத கோபம் உண்டு. வந்ததும் எடுத்துக் கண்ணில் வைத்து, எதிரே உள்ள பெட்ரோல் பங்கின் விலைப்பலகையைப் படிப்பார்கள். எழுத்து பெரிதாகத் தெரிந்தால் நல்ல ஸ்கோப். எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதுதான் பேச்சு. இருபத்தைந்து மடங்கு வைத்துப் பார்த்தால் கிடா தெரிகிறதோ இல்லையோ, உங்கள் நெஞ்சுத் துடிப்பு நன்றாகத் தெரியும். மேலே ஒரு குமிழ் இருக்கிறதே, அதை யாரும் சீந்துவதில்லை. தூரத்துக்குத் தக்கபடி அதைத் திருகி ஏற்ற வேண்டும். வேலை முடிந்ததும் பழையபடி பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். ஏற்றினது இறங்கி அதே இடத்துக்கு வந்து நிற்கிறதா என்பதுதான் முழுச் சங்கதி. மற்றதெல்லாம் மேல்பூச்சு.

வெண்டலுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முப்பத்தொரு குளிர்காலம் கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டியவன். வண்டியின் மூக்கே தெரியாமல் பனி கொட்டுகிறபோது சாலையோரக் கம்பங்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டே போவான். எத்தனையாவது கம்பத்தில் வளைவு, எத்தனையாவதில் பள்ளம் என்பது அவனுக்கு மனப்பாடம். ஒரு தடவைகூட வண்டியைச் சாலையைவிட்டு இறக்கியதில்லை. அப்படிப்பட்டவன் ஸ்கோப்பைச் சும்மா வாங்குவானா? ஐந்து வாரம் என் பிராணனை வாங்கினான். ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய், ஃப்ரீசரில் மான் இறைச்சிக்கு நடுவே ஒரு நாள் முழுக்க வைத்துவிட்டு, உள்ளே மூட்டம் போடுகிறது என்று திருப்பித் தந்தான். இன்னொன்றை வாளித் தண்ணீரில் முக்கினான்.

"வாங்குறியா, ஞானஸ்நானம் பண்ணுறியா?" என்று கேட்டேன். சிரிக்காமல், இதற்குள் தண்ணீர் போகிறது என்றான்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஏற்றி இறக்கியதில் இரண்டும் மயிரிழை பிசகவில்லை. ஒன்றில் குமிழுக்கு அடியில் ஒரு தடை இருந்தது: இறக்கிக்கொண்டே வந்தால் பூஜ்யத்தில் முட்டி நின்றுவிடும். மற்றதில் அது கிடையாது; முட்டாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு முழுச் சுற்று அதிகமாக ஏறி நின்றாலும் எண் பூஜ்யம் என்றுதான் காட்டும். எத்தனை சுற்று என்று நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தடை இல்லாதது இருநூற்றைம்பது டாலர் குறைவு. நான் தடை உள்ளதையே எடுக்கச் சொன்னேன். மலைமேல் மூச்சிரைக்கும்போது மூளை வேலை செய்யாது என்றேன்.

"பனியில நூத்து நாப்பது கம்பம் எண்ணுனவன்டா நான், மெரில். ஒரு சுத்தா ரெண்டு சுத்தான்னு எண்ணத் தெரியாதா?"

நியாயம்தானே என்று தோன்றியது. மலிவானதையே மாட்டிக் கொடுத்தேன். கோடை முழுதும் சரளைக்கல் குழியில் சுட்டுப் பழகினான். ஐந்நூறு கஜத்தில் தொங்கவிட்ட இரும்புத் தட்டு அவன் சொன்னபடி கேட்டது.

செப்டம்பர் மூன்றாவது வாரம் பத்து நாளைக்கு வேண்டிய சாமானோடு மலையேறினோம். சுடுகிறவன் அவன். முக்காலித் தாங்கியில் பெரிய தொலைநோக்கியை வைத்துக் கிடாவைத் தேடுவதும், குண்டு எங்கே பட்டது என்று சொல்வதும் என் வேலை. முதல் இரண்டு நாள் பெட்டைகளும் குட்டிகளும்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் நாள் சாயங்காலம் நான் கூடாரத்து வாசலில் பீன்ஸ் சூடாக்கிக்கொண்டிருந்தேன். வெண்டல் எதிர்ச்சரிவில் ஒரு வெள்ளைப் பாறையைக் காட்டி, எழுநூறு கஜம் இருக்கும், இதற்கு எவ்வளவு ஏற்றணும் சொல்லு பார்ப்போம் என்றான். அவனே விடையும் சொல்லி, குமிழை ஒரு சுற்றுக்கு மேலேயே ஏற்றிக் காட்டினான். அப்புறம் இறக்கினான். பீன்ஸை அடிப்பிடிக்க விட்டேன் என்று என்னைத் திட்டித் தீர்த்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிடாவைப் பார்த்தோம். நானூற்றுப் பத்து கஜம். கொம்பு ஒரு முழு வட்டம் சுருண்டு, முனை தேய்ந்து போயிருந்தது. காற்றே இல்லை. அது பக்கவாட்டில் நின்று அசைபோட்டது. வெண்டல் மூட்டையின்மேல் துப்பாக்கியைக் கிடத்திப் படுத்தான். தூரக் கணக்கு எழுதிய அட்டையைப் பார்த்தான், குமிழைத் திருகினான், மூச்சை விட்டான். நான் தொலைநோக்கியில் கண்ணை வைத்தேன்.

குண்டு கிடாவின் முதுகுக்கு ஐந்தடி மேலே பாறையில் புழுதி கிளப்பியது. மேலே போய்விட்டது என்றேன். கிடா தலையைத் தூக்கியது, ஓடவில்லை. அவன் நிதானமாக இன்னொன்று சுட்டான். அதே இடம், கையகலம்கூட விலகவில்லை. மூன்றாவதை ஏற்றுவதற்குள் கிடா முகட்டைத் தாண்டிவிட்டது.

ஸ்கோப் கெட்டுப்போச்சு என்றான். நான் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தேன். குமிழுக்கு அடியில் சுற்றுக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். அங்கே ஒரு கோடு அதிகமாகத் தெரிந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது, சிரிப்புக்கூட வந்தது. யானைக்கும் அடி சறுக்கும். நானே இரண்டு தடவை செய்த தப்புதான்.

"நேத்து அந்த வெள்ளப் பாறைக்கு ஏத்துனியே, முழுசா இறக்கல. ஒரு சுத்து அப்படியே நிக்குது," என்றேன்.

"எந்தப் பாறை?"

சமாளிக்கிறான் என்று நினைத்து, அடிப்பிடித்த பீன்ஸ்வரை எல்லாவற்றையும் சொன்னேன். வெண்டல் என் முகத்தையே பார்த்தான். நேற்று சாயங்காலம் துப்பாக்கியை உறையைவிட்டே எடுக்கவில்லை என்றான். பொய் சொல்லத் தெரியாதவன் அவன். சீட்டாட்டத்தில் அவன் முகத்தைப் பார்த்தே எத்தனையோ தடவை ஜெயித்திருக்கிறேன். இப்போது அந்த முகத்தில் மறைக்கிற பாவனை துளியும் இல்லை. அவனுக்கு அந்தச் சாயங்காலமே நடக்கவில்லை.

சரி, ஸ்கோப்தான் சதி செய்திருக்கும், இவ்வளவு மலிவாக விற்றால் இப்படித்தான் என்று அவசரமாகப் பல்டியடித்தேன். அவன் விடவில்லை. சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றான். கூடாரத்துக்கு இறங்கி, சாமான் கட்டி வந்த அட்டைப்பெட்டியில் கரியால் ஒரு புள்ளி வைத்து, நூறு கஜத்தில் நிறுத்தி, முதல் குண்டைக் குமிழைத் திருகாமலே சுட்டான். பிறகு மேலே, வலது, கீழே, இடது என்று மேல்குமிழையும் பக்கக் குமிழையும் வாய்விட்டு எண்ணி எண்ணித் திருகி, ஒவ்வொரு திருகலுக்கும் புள்ளியைக் குறிபார்த்து ஒரு குண்டு சுட்டான். ஸ்கோப் நல்லதாக இருந்தால் ஓட்டைகள் ஒரு சதுரம் போட வேண்டும். ஐந்தாவது குண்டு முதல் ஓட்டைக்கே திரும்பி வர வேண்டும். நான் விற்ற பொருள் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றைக்கு ஒரு நாள்தான். ஓட்டை உடைசலாக இருக்கட்டும் ஆண்டவரே, ஊரே என் கடையைக் காறித் துப்பட்டும் என்று கெஞ்சினேன்.

ஐந்தாவது குண்டு முதல் ஓட்டையைத் தொட்டுக்கொண்டு விழுந்திருந்தது.

வெண்டல் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் அந்தச் சதுரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான். எனக்குப் பயமாக இருந்தது, அதனால் பேசினேன். பருவம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, அந்தக் கிடா இந்த மலையை விட்டு எங்கே போகப்போகிறது, குமிழை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ விசையை மட்டும் அழுத்து என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவன் கையை உயர்த்தி நிறுத்தினான்.

"நேத்து திருகுனது எனக்குத் தெரியல. நாளைக்குத் தோட்டா ஏத்தி வச்சது தெரியலன்னா?"

"நான்தான் கூட இருக்கேனே."

"அதுக்குத்தான்டா சொல்றேன். நீ எனக்கு முன்னால நடப்ப."

துப்பாக்கியின் போல்ட்டை உருவி என் சட்டைப்பையில் போட்டான். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் தடி. பிறகு கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தான். நானும் எதிர்ப்பக்கம் போய்ப் பிடுங்கினேன். தடை உள்ள ஸ்கோப்பாக இருந்திருந்தால் கிடா விழுந்திருக்கும். நாங்களும் இன்னும் கொஞ்ச காலம் ஒன்றும் தெரியாமல் சந்தோஷமாக இருந்திருப்போம். அந்த இருநூற்றைம்பது டாலரை நானே போட்டிருக்கலாம். இறங்குகிற வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். திட்டி என்ன பிரயோஜனம்?

பத்து நாளைக்குப் போனவர்கள் நாலாம் நாள் வந்து நின்றதும் ரோனா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வெண்டல் அவள் தோளை ஒரு தடவை தட்டிவிட்டு, மூட்டையோடு உள்ளே போனான். நான் வழியிலேயே ஒரு பொய் தயாரித்து வைத்திருந்தேன். மலிவு ஸ்கோப் காலை வாரிவிட்டது, குறி தப்பிவிட்டது, தப்பு என்மேல்தான் என்று ஒப்பித்தேன்.

"சோதிச்சுப் பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்தோம் என்று தலையாட்டினேன். அதற்குமேல் எனக்குப் பொய் வரவில்லை.

ரோனா உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். "அடுப்பு தானாப் பத்திக்குது, அடுப்பு தானாப் பத்திக்குதுன்னு ஜூன் மாசத்துல இருந்து சொல்லிட்டிருக்காரு," என்றாள். "மூணு தடவை ரிப்பேர் ஆளைக் கூட்டிட்டு வந்து பாத்தாச்சு. அடுப்புலயும் ஒரு கோளாறும் இல்ல, மெரில்."