சாக்கடை என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாவது வரைதான் படிப்பு. ஞாபகமும் முன்னே பின்னே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் மழை விட்ட சமயம், ஊரப்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது.

குழாய்த் தண்ணீர் நாற ஆரம்பித்தது. யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் "சாக்கடை நாத்தம்" என்று போட்டார்கள். குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி சார் உடனே அதை அழித்துவிட்டார். சில பிளாட் விற்பனைக்கு இருக்கிறது, வாங்க வருகிறவர்கள் காதில் விழுந்தால் விலை இறங்கிவிடும், இனிமேல் 'வாட்டர் குவாலிட்டி' என்று மட்டும் போடுங்கள் என்றார். கெட்ட மனிதர் இல்லை. எல்லோருக்காகவும்தான் சொன்னார்.

பிறகு லிப்டிலும் அதே பேச்சுதான். "உங்க பிளாட்ல வாட்டர் குவாலிட்டி எப்படி?" வீட்டுக்குள் நான் நாறுகிறது என்றால்கூட மருமகள், "அத்தை, மெதுவா! பால்கனி திறந்திருக்கு" என்பாள். குவாலிட்டிதானே சரியில்லை? ஆளாளுக்குக் கேன் தண்ணீர் வாங்கினோம், முடிந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் குழாய்த் தண்ணீரில்தான் வாய் கொப்பளிப்பார்.

அவருக்கு வாந்தி, பேதி. கண் உள்ளே போய்விட்டது. தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்டதற்கு என் மகன், "வாட்டர் குவாலிட்டி கொஞ்சம் சரியில்ல டாக்டர்" என்றான். அவர் தலையாட்டிவிட்டு எழுதப் போனார். வெளியாட்களிடம் எனக்கு நாக்கே எழாது. கட்டிலில் கிடக்கிறவரைப் பார்த்ததும் தானாக வந்துவிட்டது.

"சாக்கடை கலக்குதும்மா."

பேனா நின்றது. "எங்கேருந்து கலக்குது?"

எங்களுக்குத் தெரியவில்லை. அத்தனை வீட்டிலும் ஒருவருக்கும், எனக்கும்தான், அந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் மீட்டிங். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"சார், தண்ணியில சாக்கடை கலக்குது. எங்கேருந்துன்னு பாக்கணும்."

"அம்மா, அந்த வார்த்தை வேணாமே, ப்ளீஸ்."

"வார்த்தைய மாத்தினதுல நாத்தம் போகலையே சார். எங்க வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு."

கீழ்த்தளத்தில் இருக்கும் பாய் வீட்டம்மா, பிரியாணிக் கடை நடத்துகிறவர், எழுந்தார். "அம்மா சொல்றது கரெக்ட். எங்க வூட்ல குளிச்சிட்டு வந்தா மறுபடி குளிக்கணும் போல கீது. ஒரே பேஜாரு!"

சிரிப்பு கிளம்பியது. அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், "சாக்கடைன்னா நம்ம செப்டிக் டேங்க்லேருந்துதானே வரணும்?" என்றார்.

அவ்வளவுதான், கூட்டமே எழுந்து செப்டிக் டேங்க் பக்கம் போனது. மூடியைத் திறந்து பார்த்தால், டேங்குக்கும் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருந்த சுவர் விரிசல் விட்டிருந்தது. செகரட்டரி சாரே பேண்ட்டை மடித்துக்கொண்டு முன்னால் நின்றார். தொட்டியைக் காலி செய்து கழுவி, சுவரைப் பூசினார்கள். என் வீட்டுக்காரரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார்.

ஒரு சொல்லை எடுத்துவிட்டால், அதோடு வர வேண்டிய கேள்வியும் வராது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் மீட்டிங்கில் பயப்படாமல் பேசுகிறேன். மழை எப்போது விட்டது, எந்தப் பக்கச் சுவர் என்பதெல்லாம் தப்பாக இருக்கலாம். தெரிந்தவர்களைக் கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள். சாக்கடை என்று நான் எழுதிய இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அதைச் சொன்னதால்தான் அவர் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.