பக்கத்தில் உட்கார்ந்த நர்ஸ்

பீளமேட்டு ஆஸ்பத்திரி ஒன்றில், எண்டோஸ்கோப்பி அறை நர்ஸ் அவர். நரைத்த கொண்டை, விறுவிறு நடை. காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. பரிசோதனை முடிந்து வெளியே வருகிற ஒவ்வொருவரிடமும், "தொண்டை மரப்பு போனதும் நல்லாச் சாப்பிடுங்க" என்று அனுப்பிவைத்தார்.

என் முறை வந்தது. உணவுக்குழாயின் உள்சுவரில் நிறம் மாறிய ஓரிடத்தைப் பார்த்த டாக்டர், பயாப்ஸிக்குத் துளி சதை கிள்ளி எடுத்தார். என் தோளைத் தட்டிக்கொண்டிருந்த நர்ஸின் கை அப்போது நின்றுவிட்டது.

வெளியே வந்ததும், எல்லோருக்கும் சொன்னதை எனக்கும் சொல்வாரென்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"ஏனுங்க, கூட ஆருங்க வந்திருக்காங்க?"

"ஆருமில்லீங்க. பையன் சரவணம்பட்டில வேலைல இருக்கறானுங்க."

"போன் பண்ணி வரச்சொல்லுங்க" என்றவர், ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ரிசல்ட் வந்தபோது மகன்தான் அழுதான். எனக்கு அந்த ஸ்டூல் அன்றைக்கே சொல்லிவிட்டிருந்தது.